ரெண்டு, நாலு, ஒண்ணு

ஸ்ரீராம்புரத்தில் உமேஷ் நடத்திய பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர்களைத் துடைப்பதும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. 2003 மார்ச்சில் தினமும் மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து தனக்கோடி அக்கா வருவார். தினக்கூலி ஆயா. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. தேறினால் வேலை நிரந்தரமாகும். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும் என்பதால் இதுதான் கடைசித் தடவை.

"டாக்டரம்மா வந்தாச்சு, மூணாம் நம்பரைப் போடு" என்பார் உமேஷ். அக்கா சிரிக்காமல் கணக்கு சிடியைப் போடுவார். ஒரு பாடத்துக்கு ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதை அழுத்தினால் பச்சை டிக் வரும். புத்தகத்தைப் பிரித்தால் தூக்கம் வருகிறது, இதில் ஐம்பதுக்கு ஐம்பது வருகிறது என்று சொல்வார்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது பக்கத்து மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் உதடு அசைந்தது. "ரெண்டு, நாலு, ஒண்ணு, ஒண்ணு..." கண் தெருவில் நின்ற ஆட்டோவின் மேல் இருந்தது. கை மட்டும் அழுத்திக்கொண்டே போனது. எல்லாம் பச்சை.

விடைகளின் வரிசைதான் மனப்பாடமாகியிருந்தது. ஏழாவதோடு நின்றவள் போய் என்ன சொல்வது? மூன்றாம் நாள் அந்தக் கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து, விடைகளை வெட்டி எறிந்து, துண்டுகளைக் கலைத்து, ஊதுபத்தி டப்பாவில் போட்டு கீபோர்டு மேல் வைத்தேன்.

அக்கா பத்துத் துண்டுகள் எழுதிப் பார்த்தார். சிடியில் சரிபார்த்தபோது இரண்டுதான் சரி. முகம் கறுத்துவிட்டது.

"யாரு உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நீங்க கேள்வியைப் படிக்கவே இல்ல. அதான்."

டப்பாவோடு எழுந்து போய்விட்டார். நான்கு நாள் வரவில்லை. இருந்த தைரியத்தையும் பிடுங்கிவிட்டேனோ என்று காலியான அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் டப்பா திரும்பி வந்தது. ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் அடித்து அடித்து எழுதிய கணக்கு. கையில் அந்தப் பழைய புத்தகம், அட்டை கிழிந்திருந்தது.

"முப்பத்தொண்ணு வந்துச்சு. மீதி என்னைப் பாத்து சிரிக்குது. அடுத்த பாடத்தையும் வெட்டிக் குடு. விடை வேணாம்."

மே மாதம் ரிசல்ட்டை அதே மூன்றாம் நம்பரில்தான் பார்த்தார். தேர்வு எண்ணை அவரே ஒவ்வொரு இலக்கமாக அடித்தார். தேற முப்பத்தைந்து வேண்டும். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. முப்பத்தெட்டு.



"விஜி, இதையும் பிரிண்ட் எடு," என்றார். "வெட்டிடாத."