பத்து சென்டிமீட்டர் குறைந்த கதவு

அவருக்கு ‘மில்லி’ என்று பெயர் வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். மில்லிமீட்டரின் சுருக்கம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பலகையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு மறுபடி அறுக்கிற மனிதர். காதில் சதா பென்சில். குளிக்கப் போகும்போது மனைவி சொன்னால்தான் எடுத்து வைப்பார். பத்தொன்பது வருஷம் மச்சானின் மரப்பட்டறையில் வேலை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பட்டறையில் முதலாளியும் அவரே, வீட்டுக்கு வந்தால் முதல் நாற்காலியை இழுத்துப் போட வேண்டிய உறவும் அவரே. இப்படி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவர் பாடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பட்டறையின் டேப்புக்கு ஒரு கதை உண்டு. வாங்கிய புதிதிலேயே மச்சான் அதன் நுனியை ரம்பத்தில் கொடுத்துவிட்டார். முதல் பத்து சென்டிமீட்டர் போயிற்று. வேறு டேப் வாங்க அந்த மகராசனுக்கு மனசு வரவில்லை. “மீதி நல்லாத்தானே இருக்கு? அளந்துட்டு பத்தக் கழிச்சுக்கங்க” என்றார். கழித்தார்கள். பத்தொன்பது வருஷமாக, எதை அளந்தாலும் எல்லோரும் பத்தைக் கழித்துக்கொண்டே இருந்தார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்துக்கு இரட்டைக் கதவு வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டபோதுதான் வினை வந்தது. பள்ளிக்கூடத்தில் முழுசாக ஒரு டேப் இருந்தது. அதை வைத்தே மில்லி வாசலை அளந்தார், உயரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி மச்சானிடம் கொடுத்தார். மச்சான் சீட்டைப் பார்த்து மரத்தை அறுத்தார். கதவைக் கொண்டுபோய் நிறுத்தினால் மேலே ஒரு கையகலத்துக்கு வெளிச்சம்!

“யாரு அளந்தது?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

மச்சான் யோசிக்கவே இல்லை, மில்லி பக்கம் விரலை நீட்டினார். கதவோடு பட்டறைக்குத் திரும்பிச் சீட்டைத் தேடினால், அது பசை காய்ச்சுகிற அடுப்பில் எப்போதோ எரிந்து போயிருந்தது.

“நாளைலேர்ந்து வர வேணாம் மாப்ள” என்றார் மச்சான், பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க. “போறப்ப இந்தக் கதவையும் தூக்கிட்டுப் போங்க. நீங்க அளந்த லட்சணத்த தெனமும் பாத்துக்கிட்டே இருங்க.”

கதவை வண்டியில் ஏற்றும்போதே மில்லிக்கு விஷயம் விளங்கிவிட்டது. சரியாகப் பத்து சென்டிமீட்டர் எப்படிக் குறையும்? முழு டேப்பில் எடுத்த அளவு என்று தெரியாமல் மச்சான்தான் பழக்க தோஷத்தில் பத்தைக் கழித்திருக்கிறார். அவமானம் மட்டும் இவருக்கு. இதற்குப் பழி வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பழைய கார் ஷெட் நின்றது. கார் போய்ப் பல வருஷமாகி, உள்ளே உடைந்த நாற்காலிகளும் எலிகளும் குடித்தனம் நடத்தின. அதைப் பட்டறையாக்கி, அந்த மச்சானையே அங்கே வரவழைத்து மூக்கை உடைப்பது என்று திட்டம். ஒழுகிய கூரைத் தகட்டை மாற்றினார். சுவரில் சட்டம் அடித்து, குளிரும் ஓதமும் உள்ளே வராதபடி பலகை பதித்தார். உளிக்கும் இழைப்புளிக்கும் சுவரில் தனித்தனி இடம். ஒவ்வொரு ஆணியையும் அடிக்கிற வேகத்தில் சுவரே அதிர்ந்தது.

“கொஞ்சம் மெதுவா அடிங்க” என்றாள் மனைவி. “அது ஆணிதான், எங்கண்ணன் இல்ல.”

மழைத்தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்ததால் தரையை உயர்த்த வேண்டியிருந்தது. எவ்வளவு என்று பார்த்தார். ஷெட் வாசலின் உயரமும் அகலமும் அந்த மண்டப வாசல் அளவுதான். தரையைக் கச்சிதமாகப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சிமெண்ட் பூசினார். காய்ந்ததும் அந்த வேண்டாமென்று தள்ளிய கதவையே கொண்டுவந்து மாட்டினார். இம்மியும் இடைவெளி இல்லை. அன்று முழுக்க அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார், பித்துப் பிடித்தவர் மாதிரி.

எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி மட்டும் வேண்டுமென்றே பாக்கி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைமையாசிரியையை அழைத்தார். மச்சானை மட்டும் மனைவியை விட்டு அழைக்க வைத்தார். அவளும், அப்பாடா, ராசியாகப் போகிறார்கள் என்று நம்பி அழைத்தாள்.

காபி வந்தது. மில்லி தேனொழுகச் சிரித்தார். “மச்சான், இந்தப் பட்டறையில மொத அளவு உங்க கையால எடுத்துக் குடுங்களேன். அந்த ஜன்னல் அகலம்.” பிரிக்காத புது டேப்பை நீட்டினார்.

மச்சானுக்கு உச்சி குளிர்ந்தது. டேப்பை இழுத்துப் பிடித்தார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

“நூத்தி இருபத்திரெண்டு” என்றார் மச்சான்.

“நூத்தி முப்பத்திரெண்டுன்னுல்ல இருக்கு?”

“ஆமா டீச்சர், அதுல பத்தக் கழிச்சு…” மச்சானின் வாய் பாதியில் நின்றது.

மில்லி கைகட்டிக்கொண்டு நின்றார். எட்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தையை நிதானமாக எடுத்துவிட்டார். “யாரு மச்சான் அளந்தது?”

தலைமையாசிரியை கதவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. “உங்களத் தப்பா நெனச்சுட்டேன். இனிமே ஸ்கூல் வேலை எல்லாம் உங்களுக்குத்தான்” என்றார் மில்லியிடம். மச்சான் காபியைத் தொடாமல் எழுந்தார். வாசல்வரை கூடவே போன தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மில்லிக்கு வயிறு நிறைந்தது. இன்னொரு தடவை அவமானப்படுத்த முடியாதா என்றுகூட இருந்தது.

மனைவி மத்தியானம்வரை அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். மில்லி அதற்கெல்லாம் அசருகிறவரா? காலையில் நடந்ததைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி அதே புது டேப்பால் ஜன்னலின் உயரத்தை அளந்தார், பலகையில் எழுதினார், கண்ணாடியை அறுத்தார். பிடிக்க ஆள் வேண்டுமே என்று அவளைக் கூப்பிட்டார்.

இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தார்கள். அகலம் அச்சாகப் பொருந்தியது. மேலேதான் ஒரு கையகலத்துக்கு வெறும் வெளிச்சம்.

மில்லி பதறிப்போய் டேப்பை எடுத்துச் சட்டத்தை மறுபடி அளந்தார். தொண்ணூற்றைந்து. பலகையில் அவருடைய கையெழுத்தில் எண்பத்தைந்து. எரிந்துபோன அந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் என்ன எழுதினோம் என்று யோசித்தார். எண்பத்தைந்துதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது, சீட்டில் எழுதிய எண் மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

மனைவி கண்ணாடியைப் பிடித்தபடியே அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு மாட்டியிருந்த கதவைப் பார்த்தாள். கடைசியாக அவரை.

“யாருங்க அளந்தது?” என்று கேட்டாள்.