இத்தோ விடுப்பு எடுத்த பத்து நாள்

காட்டைப் பார்க்க வருகிறவர்கள் காட்டைப் பார்ப்பதில்லை. அஸ்ரூ என்ற மலையூருக்கு மேலே, தேவதாரு மரங்களுக்கு அடியில், இருபத்திரண்டு வருடமாக டீ விற்கிறவன் சொல்கிறேன். காரை நிறுத்துவார்கள். இறங்குவதற்கு முன்பே ஜன்னல் வழியாக பிஸ்கட்டை எறிவார்கள். குரங்கு வந்தால் அதோடு படம், வராவிட்டால் அதன் மேல் கல். அது பல்லைக் காட்டி, குழந்தை அழுதுவிட்டால், "பொல்லாத ஜென்மம்" என்று குரங்கைத் திட்டுவார்கள். எனக்குத் திட்டு வாய் வரை வரும். அவர்கள்தானே என் டீயைக் குடிக்கிறவர்கள் என்று விழுங்கிக்கொள்வேன்.

விழுங்கத் தெரியாதவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் இத்தோ.

முன்பெல்லாம் நான் டீயோடு கடலையும் விற்றேன், குரங்குகளுக்குப் போடுவதற்கென்றே பொட்டலம் கட்டி. ஒருநாள் காலையில் இத்தோ வந்தாள். கடலைத் தட்டை ஓங்கி ஓர் உதை விட்டாள். கடலை சாலை முழுக்கச் சிதறியது.

"யோவ் மிமோன், இதைத் தின்னு குரங்குங்க பல்லு சொத்தையாகிச் சாகுது, ரோட்டுக்கு வந்து கார்ல அடிபட்டுச் சாகுது. கடலை விக்கணும்னா கல்யாண வீட்டு வாசல்ல போய் வில்லு. இங்க வித்தே, அடுத்த உதை தட்டுக்கு இல்ல."

அன்றோடு கடலையை விட்டேன். மனம் திருந்தி விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் காலுக்குப் பயந்துதான் விட்டேன்.

இத்தோவின் அப்பா ஆடு மேய்த்தவர். இந்தச் சரிவுகளில்தான் அவள் நடக்கப் பழகினாள். வனத்துறையில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தபோது, குரங்குகளை எண்ணும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பதினான்கு வருடம் அதே வேலை. பனி இடுப்பளவு கிடந்தாலும் ஏறிவிடுவாள். வாலே இல்லாத இந்தக் குரங்குகள் எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சி. அவளுக்கு ஒவ்வொன்றும் தனி ஆள். குட்டி யாருடையது, எந்தக் கிழவன் எவனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறான் என்பது வரை சொல்லுவாள்.

"இத்தோ குரங்கைத்தான் கட்டிக்கிட்டா" என்று சந்தையில் சிரிப்பார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை.

"ஆமாடி, கட்டிக்கிட்டேன். அதுல ஆம்பளைங்க குட்டியை நாள் பூரா சுமக்குது. உன் வீட்டுக்காரன் பிள்ளையைத் தூக்கி எத்தனை வருஷமாச்சு?" என்று திருப்பிக் கேட்பாள்.

அது உண்மைதான். இந்தக் குரங்குகளில் இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டால், ஒன்று போய் ஒரு குட்டியைத் தூக்கிவரும். நடுவில் வைத்துக்கொண்டு இரண்டும் அதைப் பார்த்துப் பல்லைப் படபடவென்று அடிக்கும். சண்டை அதோடு முடிந்துவிடும். நம்மால் முடியுமா?

இத்தோவுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி, பஸ்ஸு. அம்மா இறந்தபின் அவனை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அவன் பிரஸ்ஸல்ஸில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே மனைவி மக்கள் என்றாகிவிட்டான். ஆகஸ்ட் வந்தால் காரின் தலைமேல் மூட்டை கட்டி, கப்பலேறி ஊருக்கு வருவான். அந்த வருடம் வந்தவன் அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

"நீ உன் காட்டைத் தவிர எதைப் பார்த்திருக்கே? எங்களோட வாக்கா. தூப்கால் மலைக்குப் போறோம், அப்புறம் கடலோரம் சூஸ்-மாஸா. எல்லாம் தேசியப் பூங்கா. பசங்களுக்கு நீதான் எல்லாத்தையும் காட்டணும்."

பதினான்கு வருடத்தில் முதன்முறையாக இத்தோ விடுப்பு எழுதிக் கொடுத்தாள். புறப்படும் அன்று என் கடைக்கு வந்தாள்.

"மிமோன், பத்து நாள்தான். தெரியாத வண்டி, நாய் வெச்சிருக்கிற ஆளு, எது வந்தாலும் வனத்துறைக்கு உடனே போன் பண்ணு. உன்னை நம்பித்தான் போறேன்."

"போய்ட்டு வா தாயி, காடு எங்கேயும் ஓடிடாது" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறாள். மலையில் காட்டாடு காட்டினாளாம். கடலோரத்தில் மொட்டைத்தலை அரிவாள்மூக்கன் பறவைகள் இறங்கியபோது, பழக்கதோஷத்தில் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாளாம். தம்பியின் ஒன்பது வயது மகள் ரீமும் கூடவே எண்ணினாளாம்.

இங்கே எட்டாவது நாள் இரண்டு பேர் வந்தார்கள். கூட மூன்று நாய்கள். ஒருவன் என் மனைவியின் அண்ணன் மகன் ஹம்மாதி. என் கடையில் உட்கார்ந்து ரொட்டி கேட்டார்கள், கொடுத்தேன். உப்பும் எண்ணெயும் வைத்தேன், டீ ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு நீலப்பாறைப் பக்கம் ஏறினார்கள். மதியம் மேலே நாய்கள் குரைத்தன, குரங்குகள் கத்தின. இறங்கி வந்தபோது ஹம்மாதியின் அங்கிக்குள் ஏதோ நெளிந்தது. ஒரு நாயின் வாயில் ரத்தம்.

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தன் கையால் உப்பு வாங்கித் தின்றவனை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அப்படிக் கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், அவன் சாவுக்கு வரமாட்டார்கள். நான் போனை எடுக்காமல் கிளாஸ்களைக் கழுவினேன். ஒரு குட்டியின் விலை ஒரு துண்டு ரொட்டி.

பத்தாம் நாள் மாலை இத்தோவும் தம்பி குடும்பமும் திரும்பினார்கள். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று பஸ்ஸு மட்டும் போய் வந்தான். மறுநாள் காலை கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். விருந்தாளியின் காரை வெறுமையாக அனுப்புவது எங்களில் கிடையாது. இத்தோ ஒரு ஜாடி வெண்ணெய் உருக்கி வைத்திருந்தாள். அதை வைக்கக் காரின் பின்கதவைத் திறந்து, இடம் தேடிப் போர்வையை நகர்த்தினாள். அடியில் ஒரு கூடை. அதற்குள் குட்டி. பிறக்கும்போது இருந்த கறுப்பு ரோமம் இன்னும் முழுசாக மாறவில்லை. இருமல் மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள்.

அங்கே நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

"பசங்க ஆசைப்பட்டாங்கக்கா. நான் வாங்கலைன்னா வேற எவனோ வாங்கியிருப்பான். இங்க பனியில செத்துப்போகும், அங்க ராஜா மாதிரி இருக்கும். உனக்குப் பிடிச்ச குரங்குதானேக்கா, சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்!" என்றானாம் பஸ்ஸு.

"அத்தை, அதுக்குக் கோகோன்னு பேர் வெச்சிருக்கோம்" என்றதாம் ரீம்.

"அதுக்கு ஒரு அம்மா இருந்தாடா கண்ணு" என்று மட்டும் குழந்தையிடம் சொன்னாள். குட்டியைக் கழுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

என் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது மூச்சு இரைத்தது.

"நான் இல்லாதப்போ யார் வந்தா?"

நான் கெட்டிலைப் பார்த்தேன்.

"மிமோன், இங்க ஆறு கூட்டம் இருக்கு. தப்பான கூட்டத்துல விட்டா இது பிழைக்குமோ பிழைக்காதோ. எந்தப் பக்கம் போனாங்க?"

குட்டி விழித்துவிட்டிருந்தது. அவள் கழுத்துத் துணியை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. பஸ்ஸு மேல், ஹம்மாதி மேல், உப்பு வைத்த என் கை மேல்.

"நீலப்பாறை" என்றேன்.

நானும் பின்னால் ஏறினேன். பாறைக்குக் கீழே வெட்டவெளியில் அவள் குட்டியை இறக்கிவிட்டு, இருபது அடி பின்வாங்கி உட்கார்ந்தாள். குட்டி கீச்சென்று கத்தியது. மரங்கள் அசைந்தன. அவள் 'பெரியவர்' என்று கூப்பிடும் காது கிழிந்த ஆண் இறங்கி வந்தது. குட்டியை முகர்ந்தது, தூக்கி வயிற்றோடு அணைத்தது. இன்னொரு ஆண் ஓடிவந்தது. இரண்டும் குட்டியை நடுவில் வைத்துப் பல்லைப் படபடவென்று அடித்தன. இத்தோ அழுதுகொண்டே எண்ணினாள். எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுது. இதோட அம்மா எங்கே?"

"நாய்ங்க" என்றேன்.

"உன் கடையில சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய சருகைத் தட்டினாள். கத்துவாள், உதைப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் போலீஸுக்குப் போறேன். பஸ்ஸு கார் நம்பர் எனக்கு மனப்பாடம். கப்பல் ஏறுறதுக்குள்ள பிடிச்சுடுவாங்க."

"ஏய், பைத்தியமா உனக்கு? குட்டிதான் திரும்பக் கிடைச்சிடுச்சே! அவன் நீ வளர்த்த பையன்!"

"நான் வளர்த்த பையன்தான். அதனாலதான் நானே சொல்றேன். என் ஆள் பேரை நான் சொல்லப்போறேன், உன் ஆள் பேரை நீ சொல்லு. இல்லேன்னா டீ வித்துட்டே இரு."

சொல்லிவிட்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஹம்மாதியின் அத்தை என் வீட்டில்தான் சமைக்கிறாள். இனி அந்தச் சமையல் எனக்குக் கிடைக்குமா என்பதே சந்தேகம். நான் அடுப்பை அணைத்தேன், கடையைச் சாத்தினேன், அவள் பின்னாலேயே ஓடினேன். அஸ்ரூ போலீஸ் நிலையம் வரை வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.