தட்டி மிருதுவாக்கிய கழுத்து

என் வலது பெருவிரல்தான் எனக்குச் சோறு போட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் செலக்ஷன் மேஜையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். விரலால் ஒரு நீவு நீவினால் போதும், தோல் எங்கே தொளதொளத்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த விரல் மரத்துப்போனது. நான் நல்லதென்று அனுப்பிவிட்ட தோல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்மா. இல்லேன்னா பேக்கிங்குக்குப் போய்டு" என்றார் சூப்பர்வைசர். பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்க வேண்டும். கழுத்தையே திருப்ப முடியாதவள் பெட்டியை எங்கே தூக்குவது? வேலையை விட்டுப் போ என்பதைத்தான் அந்த மனுஷன் மரியாதையாகச் சொன்னார்.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, பிசியோதெரபிக்குப் போ என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேட்டேனா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் ஸ்டேக்கிங் மெஷின் ஓட்டுகிறவர். காய்ந்து விறைத்த தோலைத் தட்டித் தட்டி மிருதுவாக்குகிற மெஷின் அது. விறைத்த கழுத்துக்கும் அதுதான் வைத்தியம் என்று இரண்டு பேருமே நம்பினோம். தினமும் சாயங்காலம் நான் குப்புறப் படுப்பேன், அவர் முஷ்டியை மடக்கிக் குத்துவார். "இன்னாய்யா தடவிக்கினு இருக்கே, சோறு துன்னலியா?" என்று நானே ஏசுவேன்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் பள்ளிகொண்டாவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். மாடியில் ஒரே அறை. பிசியோதெரபி பார்க்கிற பெண் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, என் கழுத்துக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். அவ்வளவுதான். அழுத்தவில்லை, நீவவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, சும்மா வெச்சிக்கினே இருக்கே?"

அவள் என் ஜாக்கெட்டைத் தோளிலிருந்து விலக்கிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "இன்னாக்கா இது, இவ்ளோ கன்னிப்போய் இருக்கு? யாரு அடிச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பதறிப்போய் ஸ்டேக்கிங் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, அது செத்த தோலு. அடிச்சா மெத்துனு ஆயிடும். இது உசுரோட இருக்கு. அடிக்க அடிக்க பயந்து இன்னும் ஜாஸ்தி இறுகும்."

நான் அழுதுவிட்டேன். ஐயோ, நானே குத்தைக் கேட்டு வாங்கியல்லவா என் கழுத்தைக் கெடுத்துக்கொண்டேன்! எப்போது சரியாகும் என்றேன். நாளாகும், விரலைப் பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பிறகு அவரைக் கூப்பிட்டு, கையை எப்படி வைப்பது என்று காட்டினாள். "அழுத்தாதீங்கண்ணா. வெய்யிங்க, போதும்." அத்தனை பெரிய மெஷினை ஓட்டுகிற கை, என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, பிறகுதான் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அவர் இரண்டு துண்டுத் தோலை என் முன்னால் வைத்தார். ஒன்று நல்லது, ஒன்று தொளதொளத்தது. என் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தார். நான் கண்ணை மூடி முதல் துண்டை நீவினேன். இரண்டாவதை நீவினேன். மறுபடியும் முதல் துண்டை.

"தெரியுதா?"

"தெரியலய்யா."

அவர் கையை எடுக்கப் போனார்.

"எடுக்காதே" என்றேன். "அது ஒண்ணுதான் தெரியுது."