கிணற்று எஞ்சின் ஜீப்

என் அப்பா கட்டிய ஜீப்புக்குப் பின்னால் போவதற்கு மூன்று கியர்களும் முன்னால் போவதற்கு ஒரே ஒரு கியரும் இருந்தன. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கார் ஓட்டத் தெரிந்த என் மருமகன், நான் தலைகீழாகச் சொல்கிறேன் என்று பணிவாகத் திருத்தப் பார்த்தார். நான் சரியாகத்தான் சொல்கிறேன், வண்டிதான் தலைகீழாக இருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். எங்கள் ஊர் அமிர்திக்குப் பக்கத்தில், சமவெளி முடிந்து ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. அம்மா டீச்சர். அவளுக்கு வேலை கிடைத்ததோ மலை மேலே, ஏழு மைல் தாண்டி ஒரு சின்ன ஊரில். பஸ் கிடையாது. காட்டு இலாகா எப்போதோ வெட்டிப்போட்ட மண்பாதை ஒன்றுதான். திங்கட்கிழமை விடிந்ததும் ஏறினால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவாள். நடுவில் ஐந்து ராத்திரி எனக்கு அம்மா கிடையாது. அடுத்த வீட்டிலிருந்த பெரியம்மாதான் சோறு போட்டு, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். பெரியம்மா நல்லவள்தான், ஆனால் அவள் பின்னினால் அன்று முழுக்க என் புருவம் ஏறியே இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசி மழையில் அம்மா பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். மலைக்காரர்கள் நாலு பேர் மூங்கிலில் போர்வையைக் கட்டி, அதில் அவளைப் படுக்க வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. அன்று சாயங்காலமே பெரியப்பா வந்தார்.

"போதும்டா. வேலைய வுட்டுட்டு வூட்டோட இருக்கட்டும். பொங்கலுக்குள்ள எழுதிக் குட்த்துடச் சொல்லு."

பெரியப்பா கெட்டவர் இல்லை. தாத்தா போன பிறகு நைனாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சை நைனா தட்டியதே கிடையாது. அதனால் சரி என்று தலையாட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நைனா, "பொங்கலுக்குள்ள சொல்றண்ணா" என்றார். ஒரு மாதம் கழித்து அம்மா நொண்டிக்கொண்டே மறுபடி மலையேறப் போனாள். அடுத்த நாள் நைனா வேலூருக்குப் போய், எஞ்சின் இல்லாத ஒரு ஜீப்பை இரண்டு மாடுகள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப். பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு கூடவே வந்து சேர்ந்தது. ஊரே வந்து பார்த்தது. மாடு கட்டித்தான் ஓட்டப் போகிறாயா என்று கேட்டவர்களுக்கு நைனா கிணற்றடியைக் காட்டினார். அந்த வருஷம்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வந்திருந்தது. அதுவரை தண்ணீர் இறைத்த டீசல் எஞ்சின் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. பம்புசெட்டு ரிப்பேரில் நைனாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஜீப்பைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

ஏழெட்டுப் பேர் பிடித்து எஞ்சினை ஜீப்பின் முன்பக்கத்தில் ஏற்றினார்கள். மூடி மூடவில்லை, அதைக் கழற்றி எறிந்தாயிற்று. எஞ்சின் என்னைவிட உயரமாக நின்றதால் ஓட்டுகிறவர் பக்கவாட்டில் கழுத்தை நீட்டித்தான் பாதையைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் சக்கரத்திலிருந்து கீழே கியர் பெட்டிக்கு, ரைஸ்மில்லில் இருக்குமே அது மாதிரி, ஒரு பட்டை பெல்ட்டு. கிளட்சுக்குப் பதில் அந்த பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கட்டை. எஞ்சினைக் குளிர வைக்கப் பின்னால் ஒரு தண்ணீர் டிரம். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வசதியாக இருக்கட்டும் என்று, கைப்பிடிப் பக்கம் வெளியே வரும்படி எஞ்சினைத் திருப்பி உட்கார வைத்தார். அந்த ஒரு வசதிதான் வினையாகப் போயிற்று.

அந்த ஜீப் ஓடக் கூடாது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். இதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெரியப்பா என்னிடம் ஒருநாள் சொல்லியிருந்தார்: "வண்டி ஓடலன்னா உங்கம்மா உங்கூடவே வூட்ல இருப்பா." எனக்கு வேண்டியது அதுதானே. தினமும் என் தலையை அம்மா பின்ன வேண்டும். வண்டி ஓடினாலும் அம்மா தினமும் வீட்டுக்கு வருவாள் என்று நைனாவும் சொல்லித்தான் பார்த்தார். ஆனால் வராத வண்டியை நம்புவதைவிடப் போகாத அம்மாவை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூஜை. அம்மாவும் வீட்டில் இருந்தாள். எஞ்சினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முன் சக்கரங்களுக்கு முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நைனா கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் டுப்பு டுப்பு என்று கிணற்றடியில் கத்துவதைப் போலவே கத்தியது. ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் கட்டையை அழுத்தினார். வண்டி குலுங்கிப் புறப்பட்டது. பின்னால் புறப்பட்டது. நேராகப் போய்ப் பெரியப்பாவின் வைக்கோல்போரில் பாதி நுழைந்து நின்றது.

எலுமிச்சம்பழங்கள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

பெரியப்பா குனிந்து அவற்றை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைக்கச் சொல்லிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். "பழம் அப்டியே கீது. ஊறுகாய்க்கு ஆவும்." ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, கை தட்டினேன். வைக்கோலுக்குள்ளிருந்து இறங்கி வந்த நைனா என்னைப் பார்த்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிணற்றடியில் எப்படிச் சுற்றியதோ அப்படித்தான் எஞ்சின் இங்கேயும் சுற்றியது, ஆனால் அதையே திருப்பி வைத்துவிட்டதால் கியர் பெட்டிக்கு எல்லாம் நேர்மாறாகப் போய்ச் சேர்ந்தது. மறுபடி இறக்கித் திருப்ப வேண்டுமானால் அடித்தளத்தையே அறுத்துப் போட வேண்டும். பொங்கலுக்குள் ஆகாது.

அம்மா அதுவரை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து பெல்ட்டைத் தொட்டாள்.

"ஏங்க, இத எட்டு போட்டு மாட்டினா இன்னா?"

நைனாவுக்குப் புரியவில்லை. அவள் மண்ணில் குச்சியால் 8 என்று எழுதிக் காட்டினாள். அம்மாவின் ஊர் ரைஸ்மில்லில், சல்லடை மாற்றிச் சுற்ற வேண்டுமென்றால் பெல்ட்டை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி எட்டுப்போல மாட்டுவார்களாம். சின்ன வயசில் பார்த்தது. அரைமணி நேரத்தில் பெல்ட்டைக் கழற்றி எட்டுப் போட்டு மாட்டினார் நைனா. பெரியம்மா பழங்களைத் திருப்பிக் கொடுத்தாள். இந்த முறை இரண்டும் நசுங்கின.

பெரியப்பா அசரவில்லை. "தரையில ஓடுது. மலை ஏறணுமே." மறுநாள் திங்கட்கிழமை குடையை எடுத்துக்கொண்டு அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். நைனா, அம்மா, நான், பெரியப்பா. என்னை எதற்கு அழைத்துப் போனார்கள் என்று நினைவில்லை. அழுது அடம்பிடித்திருப்பேன்.

நாலு மைல் வரை நன்றாகவே போனது. எஞ்சின் சத்தத்தில் குரங்குகள்கூட வழிவிட்டன. அதற்கப்புறம் பாதை ஒரு பாறையைச் சுற்றிச் செங்குத்தாக ஏறியது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. பெல்ட்டு வழுக்கிக் கருகிய நாற்றம் அடித்தது. வண்டி மெல்லப் பின்னால் சறுக்க ஆரம்பித்தது. நைனா பிரேக்கை மிதித்துக்கொண்டு கத்த, அம்மா குதித்து இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

"நான் சொன்னேனா இல்லியா" என்றார் பெரியப்பா.

மேலேயிருந்து புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். நின்று பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, நீங்க நடந்தே வந்திருந்தா இந்நேரம் மணி அடிச்சிருப்பீங்க" என்றார். கேலி பண்ணிய கையோடு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் வந்தார்.

எனக்கு மறுபடி கை தட்ட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கல்லுக்குப் பக்கத்திலேயே சேறும் சகதியுமாக உட்கார்ந்து, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ அவள் பிடித்திருப்பதால்தான் வண்டி நிற்கிறது என்பதுபோல. அவள் உதடு கோணியது. காலில் அடிபட்டு வந்தபோதுகூட அழாதவள். ஓடட்டும் சாமி, ஓடிவிடட்டும் என்று அந்த நிமிஷமே வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்.

நைனா பெல்ட்டையே பார்த்தபடி நின்றிருந்தார். முறுக்குப் போட்ட இடத்தில் பெல்ட்டு ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தது. தரைக்கு அது போதும், ஏற்றத்துக்குப் பிடிமானம் பற்றாது. திடீரென்று தனக்குத்தானே சிரித்தார். எட்டைப் பிரித்து, பெல்ட்டைப் பழையபடி நேராக மாட்டினார். பெரியப்பா, "டேய், பின்னாடி போவும்டா!" என்று பதறி இறங்கிவிட்டார். நைனா ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

எல்லாம் தலைகீழாக இருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் முன்னால்தானே போக வேண்டும். போனது. ஜீப்பில் இருக்கிற கியர்களிலேயே அதிகம் இழுக்கக்கூடியது ரிவர்ஸ்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வண்டி நத்தையாய், ஆனால் ஒரு விரல்கூடப் பின்வாங்காமல் ஏறியது. அவ்வளவு மெதுவாக ஏறியதால், இறங்கி நடந்த பெரியப்பா எங்களுக்கு முன்னால் மேட்டுக்குப் போய்க் குடையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தின் முன்னால் போய் நின்றதும் பிள்ளைகள் இருபது முப்பது பேர் ஓடி வந்து மொய்த்துக்கொண்டார்கள். டிரம்மில் தண்ணீர் வெந்நீராகியிருந்ததைக் கண்டுபிடித்து, அந்த மார்கழிக் குளிரில் வரிசையாக நின்று முகம் கழுவினார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் புடவையில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மா மணியை எடுத்து அடித்தாள். சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன் என்று நைனா சொன்னதற்கு, அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

இறங்கும்போது மூன்று பேர்தான். பாறை வளைவைத் தாண்டியதும் பெரியப்பா கேட்டார். குரலில் பழைய விறைப்பு இல்லை.

"ஏன்டா, இவ்ளோ பாடு எதுக்கு? வேலைய வுடுன்னு நீ ஒரு வார்த்த சொன்னா அவ கேக்க மாட்டாளா?"

"கேப்பாண்ணா. சொன்ன அன்னிக்கே எழுதிக் குட்த்துடுவா." நைனா எஞ்சினுக்குப் பக்கவாட்டில் கழுத்தை நீட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதனாலதான் சொல்லல."

வீட்டுக்கு வரும்வரை பெரியப்பா குடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எந்தப் பொங்கலுக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கோ அந்தச் சின்ன வயசில் நைனாவை நினைத்துப் பாவமாக இருந்தது. சொன்னால் உடனே கேட்கிற ஒருத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தைரியமில்லாமல்தான் மனுஷன் இத்தனை பெரிய எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மலையேறினார் என்று நினைத்துக்கொண்டேன்.