கீழ்வரம்பு

பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு அங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் சர்வருக்கு வரும். அங்கிருந்து டாக்டருக்கும் நோயாளிக்கும் போகும். அலுவலகம் சென்னையில். நான் புதுக்கோட்டையில் வீட்டு மாடி அறையில் இருந்தபடி சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன்.

கந்தர்வக்கோட்டையில் லேப் வைத்திருக்கும் என் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, எங்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார். நான் சொல்லி வாங்கியதில்லை. நான் வேலைக்குச் சேரும் முன்பே அவரிடம் அது இருந்தது.

இரண்டு கம்ப்யூட்டர்கள் பிறர் படிக்க முடியாதபடி பேசிக்கொள்ள வேண்டுமென்றால், எந்தப் பூட்டைப் போட்டுப் பேசுவது என்று முதலில் ஒத்துக்கொள்ளும். பழைய பூட்டுகள் சிலவற்றைத் திறக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வரிடம் புதிய பூட்டு இருந்தால் மட்டும் போதாது. பழையதையும் அது ஏற்றுக்கொள்ளும் வரை, நடுவில் புகுந்த ஒருவன் இரு பக்கத்தையும் பழையதற்கே தள்ளிவிட முடியும். அதனால் ஒரு கீழ்வரம்பு வைப்பார்கள். அதற்குக் கீழே எது வந்தாலும் சர்வர் பேசாது. எழுதும்போது அது ஒரே ஒரு வரிதான்.

அந்த வரியை மாற்றும் வேலை எனக்கு வந்தது. பெரும்பாலான லேப்களுக்கு ஒன்றும் ஆகாது. மிகப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சிலர் மட்டும் விடுபட்டுப் போவார்கள். மதினியும் அதில் ஒருவர். அவருடைய லேபில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதோடு இணைந்த கம்ப்யூட்டருக்குத்தான் புதிய பூட்டு தெரியாது.

நிறுவனம் அனுப்பிய அறிவிப்புகளை அவர் பார்க்கவில்லை. நான் நேரிலேயே சொன்னேன். அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"திருச்சிலேருந்து மிசின் ஆளு வருவாருடி. அவருகிட்ட சொல்லிப் பாக்குறேன்" என்றார் மதினி.

"அதுக்குள்ள வந்துருவாரா மதினி?"

"வருவாரு. நீ கொழம்ப ஊத்திக்க."

அந்த மிசின் ஆள் வரவில்லை. மதினிக்கு மறுபடி போனில் ஞாபகப்படுத்தினேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். குறித்த நாளில் வரியை மாற்றினேன். எதிர்பார்த்தபடியே சில லேப்களின் இணைப்பு அறுந்தது. மழை விட்டிருந்த சமயம். ஊரெல்லாம் காய்ச்சல். மதினியின் லேபில் காலையிலிருந்து கூட்டம் இருந்ததாம்.

மதியம் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, மதினி லேப்லேருந்து ரிப்போர்ட்டே போக மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு அத தெறந்து விட முடியாதா?"

"ஒருத்தருக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறந்த மாதிரிண்ணே."

"ஒன் மதினிக்கே முடியாதுன்னா எப்புடி?"

என் மேலாளரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். புகார் வந்த லேப்களுக்கு மட்டும் விலக்கு தரலாமே என்றார். தரக்கூடாது என்று காரணங்களோடு எழுதினேன். ஏற்றுக்கொண்டார். என் காரணங்கள் சரியானவை. இன்று எழுதச் சொன்னாலும் அவற்றைத்தான் எழுதுவேன்.

மதினி காத்திருக்கவில்லை. ரிப்போர்ட்டைத் தாளில் அச்சடித்து, போனில் படம் பிடித்து, வாட்ஸப்பில் அவரவருக்கு அனுப்பத் தொடங்கினார். எனக்கு இது தெரியாது. காய்ச்சல்காரர்களுக்கு அன்றைக்கே முடிவு கிடைத்தது. டாக்டர்களும் படத்தைப் பார்த்து மருந்து எழுதினார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு படம் ஆள் மாறிப் போனது.

சிங்கப்பூர் வேலைக்குப் போக இருந்த ஓர் இளைஞருடைய ரிப்போர்ட் அது. ஏஜென்ட் கேட்டதற்காக எடுத்த பரிசோதனை. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒரு வகை, ஹெபடைட்டிஸ் பி, அவர் ரத்தத்தில் இருந்தது. மதினியின் போனில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார், அதே ஊர்க்காரர். படம் அவருக்குப் போய்விட்டது. அவர் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. இது யாருடையது என்று தெரிந்துகொள்ள ஊர்க் குரூப்பில் போட்டுக் கேட்டிருக்கிறார்.

தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த இளைஞருக்கு ஊரார் வழியாகத்தான் தெரிந்தது. அவர் லேபுக்கு வந்தபோது பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். மதினி பின்னால் எனக்குச் சொன்னது இது. அந்த இளைஞர் சத்தம் போடவில்லை. போனை நீட்டிக் காட்டியிருக்கிறார்.

"அக்கா, இத அவருக்கு யாரு அனுப்புனா?"

"நாந்தாப்பா. பேரு ஒண்ணா இருந்துச்சு, கவனிக்கல."

"எங்க சித்தப்பா வீட்ல எனக்குத் தனித் தட்டு வச்சுட்டாங்கக்கா."

சாப்பாட்டில், தட்டில் எல்லாம் அது பரவாது என்று மதினி சொல்லியிருக்கிறார். தனக்கு இப்போது தெரியும், அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டுவிட்டு அந்த இளைஞர் போய்விட்டார்.

நடந்ததை அண்ணன் போனில் சொல்ல, மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். மதினி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. நீ ரெண்டு தடவ சொன்ன. நாந்தான் மெத்தனமா இருந்துட்டேன்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு கேக்குறேன். நீ கதவ அடைச்சன்னைக்கு நாங்க என்ன செய்வோம்னு ஒங்க ஆபீஸ்ல யாராச்சும் யோசிச்சீங்களா?"

"இல்ல மதினி."

"சரி. இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லு."

செய்ய வேண்டியது சிரமமானதில்லை. பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து கழற்றினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரிப்பேர் கடையில் ஒரு சிறிய புது கம்ப்யூட்டர் கிடைத்தது. இரண்டையும் ஒரு வயரால் இணைத்தோம். இயந்திரம் பழையதிடம் பேசும்; பழையது பக்கத்திலிருக்கும் புதியதிடம் கொடுக்கும்; வெளியே போவது புதியது மட்டும். மாலைக்குள் முதல் ரிப்போர்ட் சர்வருக்கு வந்து சேர்ந்தது. மதினி போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். படம் போய்ச் சேர்ந்தவர்களிடம் இருப்பவற்றை அழிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அறுந்துபோன மற்ற லேப்களை நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ரிப்போர்ட்டை இப்போது எப்படி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரைத் தவிர எல்லோரும் வாட்ஸப் என்றார்கள். அந்த ஒருவர் ரிப்போர்ட் தாள்களைக் கொடுத்து மகனைப் பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் வரம்பை உயர்த்திய நாளிலிருந்து சர்வருக்கு வந்த ஒவ்வொரு இணைப்பும் பலமானதாக இருந்தது. எங்கள் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தோம். பொய்யில்லை. வராமல் போனவை அதில் இல்லை, அவ்வளவுதான்.

மதினிக்குச் செய்ததைப் போலவே அந்த லேப்களுக்கும் செய்யலாம் என்று மேலாளருக்கு எழுதினேன். செலவில் பாதியை நிறுவனம் ஏற்றது. வரம்பு அப்படியே இருக்கிறது. அடுத்த முறை உயர்த்தும்போது, வரியை மாற்றும் முன் அறுந்துபோகக்கூடிய ஒவ்வொருவருக்கும் மாற்று வழி கையில் இருக்க வேண்டும் என்பதை எங்கள் நடைமுறையில் சேர்த்திருக்கிறோம்.

மதினி அந்த இளைஞரின் வீட்டுக்கு நேரே போனார். அவருடைய அம்மாவையும் சித்தப்பாவையும் உட்கார வைத்து, அது எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று விளக்கினார். கேட்டுக்கொண்டார்களாம். தட்டு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அந்த இளைஞரைப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடமும் அழைத்துப் போனார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூர் நடக்கவில்லை. திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவரைப் பற்றி விசாரித்தேன்.

"ஊருக்கு வர்றப்ப ரத்த டெஸ்ட்ட தஞ்சாவூர்ல எடுத்துக்குறானாம்" என்றார் மதினி. "நம்ம லேபுக்கு வர மாட்டான். நானா இருந்தாலும் வர மாட்டேன்."