அத்தானின் பதினேழாவது அம்புக்கூடு

பர்மாவில், தாகேதா பேட்டையில் என் பைத் தையல் கடைக்கு எதிரே ஒரு வெற்றிலைக் கடை இருக்கிறது. அந்தக் கடைத் தொலைபேசிக்குத்தான் செய்தி வந்தது. பேசியது இன்சீனிலிருந்து என் அக்கா தெய்வானை.

"தம்பி, அத்தான் போயிட்டாக. காலையில டீ குடிச்சாக, அப்படியே சாஞ்சாக, அவ்வளவுதான்."

அதே மூச்சில் அடுத்ததையும் கேட்டாள்: "வரும்போது அந்தக் கூட்டை எடுத்துட்டு வா. முடிச்சிட்டியா இல்லையா?"

முடிக்கவில்லை. அத்தான் கேட்ட பதினேழாவது அம்பறாத்தூணி அது. மூன்று வாரமாக என் மேசைக்கு அடியில் கிடந்தது. பதினாறு தைத்துக் கொடுத்துப் பதினாறுக்கும் குறை கேட்டவன் நான். 'கிடக்கட்டும், மனிதர் எங்கே போய்விடப் போகிறார்' என்று இருந்துவிட்டேன். அந்த நினைப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மெஷினில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கடைசித் தையலைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அத்தானை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்சீன் ரயில் பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். பட்டறையில் அவருக்கு ஊ ட்டின் மவுங் என்று பர்மியப் பெயர், கோயிலில் சண்முகம். அளவெடுப்பதில் புலி. அவர் ஒரு முறை அளந்துவிட்டால் மற்றவர்கள் மறுபடி அளக்க மாட்டார்கள். குணத்தில் அதற்கு நேர் எதிர். எறும்பு கடித்தால்கூடத் தட்டாமல் ஊதி விடுவார். இப்படிப்பட்டவருக்குத்தான் வேட்டைப் பைத்தியம் பிடித்தது.

எண்பத்தெட்டுக் கலவரத்தின்போது ஏரிக்கரைப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பியது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில் ஒரு தேக்கு அலமாரியை அக்காவுக்கென்று அத்தான் வாங்கி வந்தார். அலமாரியின் பின்பலகையோரம் ஒரு பழைய வேட்டை வில் சாய்ந்திருந்தது. மரமும் கண்ணாடி இழையும் அடுக்கி ஒட்டிச் செய்தது. நாண் இல்லாததால் முனைகள் இரண்டும் ஒரே பக்கமாக நன்றாக வளைந்திருந்தன. ரீகர்வ் என்று அந்த வகைக்குப் பெயராம். கூடவே தகட்டு முனை வைத்த ஆறு அம்புகள், பத்திரிகைத் தாள் ஒன்றின் கிழிந்த பாதி.

அந்தப் பாதித் தாள்தான் எங்கள் எல்லோருடைய நிம்மதியையும் கெடுத்தது. அதிலிருந்த படத்தில் ஒரு கையும், கொஞ்சம் வில்லும், வில்லோடு சேர்த்து மாட்டிய ஓர் அம்பறாத்தூணியும் தெரிந்தன. கைக்குரிய ஆளும் வில்லின் மீதியும் மற்றப் பாதியோடு போய்விட்டன. தூணி முதுகில் தொங்கவில்லை. பிடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கவ்விகளால் வில்லையே பிடித்துக்கொண்டிருந்தது.

"இது இல்லாம வில்லை எடுக்கிறது, சட்டையை மாட்டிக்கிட்டு லோன்ஜி கட்டாம தெருவுக்குப் போற மாதிரி மாப்ளே" என்றார் அத்தான். "கூடு மாட்டுற வரைக்கும் நாண் ஏத்த மாட்டேன். மாட்டினதும் நேரா பகோ மலைக்காடு. ஒரே ஒரு காட்டுப்பன்னி. அப்புறம் வில்லைத் தொட மாட்டேன்."

பட்டறையில் அவரோடு வேலை பார்த்த, கரேன் இனத்து நண்பர் ஒருவர் காட்டுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பேச்சு வந்தாலே அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எங்கள் அப்பா தேக்கு வெட்டும் வேலைக்கு அதே காட்டுக்குப் போய், காய்ச்சலோடு திரும்பிப் பத்தே நாளில் போனவர்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். கவ்விகளை அத்தான் செய்வார். கூட்டை நான் தைப்பேன். முதல் கூடு கறுப்பு ரெக்ஸின். அம்பு முனைகள் குத்தாமலிருக்க உள்ளே ஸ்பாஞ்சு. இன்று பார்த்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அத்தான் அதை வில்லில் மாட்டினார், அசைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆடுது மாப்ளே. தையல் இழுக்குது."

அடுத்து கான்வாஸ். அதற்கடுத்து தோல். ஐந்தாவதற்குக் குடையின் உறையை வெட்டினேன். எட்டாவது பிளாஸ்டிக் குழாய். ஒன்பதாவதற்காக அக்காவின் பிளாஸ்க் உறையைத் திருடி வந்தார். அக்கா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. எல்லாமே ஆடின. "கவ்வித் தகட்டைக் கொஞ்சம் வளைச்சா என்ன அத்தான்?" என்று கேட்டால், தாளைத் தூக்கிக் காட்டுவார். "படத்துல தகடு நேரா இருக்கு." பட்டறை நண்பர்கள், வில்லில் இரண்டு துளை போட்டுத் திருகாணி முடுக்கிவிடலாம் என்றார்கள். அன்று அத்தானுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. "துளை போட்டா அது வில்லு இல்லய்யா, புல்லாங்குழல்!"

ஒவ்வொரு கூட்டுக்கும் அளவெடுக்க வில்லைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு வட்ட ரயிலில் நகரத்துக்கு வருவார். அங்கிருந்து பஸ் பிடித்து என் கடைக்கு. சில முறை நானும் கூட இருந்தேன். ஒரு நாள் எதிரே கன்னத்தில் தனாக்காப் பசை பூசிய ஓர் அம்மாள், விரிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்த வளைந்த முனையைக் கண்டு, சவுங் யாழ்தான் என்று முடிவுகட்டி, ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். பர்மியரின் சவுங்குக்கும் இப்படி வளைந்த கழுத்து உண்டு. அத்தானுக்குப் பொய் வராது. "இன்னும் நரம்பு கட்டலைங்க" என்றார். மாதங்கள் கழித்து அதே அம்மாள் அதே பெட்டியில், "இன்னுமா கட்டலை?" என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பத்துக் கூடு ஆன பிறகு, வில்லில் பொறித்திருந்த பெயரைப் பார்த்து, அதைச் செய்த கடல்கடந்த கம்பெனிக்கே ஒரு கடிதம் எழுதினார். வில்லின் படம் வேண்டுமே என்று ஸ்டூடியோவுக்குப் போய், கோட்டுப் போட்டு, வில்லைப் பிடித்தபடி நின்று எடுத்துக்கொண்டார். நாள்காட்டி ராமர் எப்படிப் பிடித்திருப்பாரோ அப்படி, முனைகளின் வளைவு தம் பக்கம் இருக்கும்படி பிடித்திருந்தார். வேறு எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பிடிதான் உள்ளங்கையில் முட்டியது. "வெள்ளைக்காரன் கை வேற மாதிரி மாப்ளே" என்று அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

பதில் வரவேயில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும், "எதாச்சும் வந்துச்சா?" என்பார். "ஒன்னும் வரலை" என்பாள் அக்கா. கடைசியில், "பெரிய கம்பெனிக்காரன், நம்மளை மதிப்பானா?" என்று தம்மையே தேற்றிக்கொண்டு என்னிடம் பதினொன்றாவது கூட்டுக்குச் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் மும்முரமானார். ஷ்வேப்யிதா பக்கம் தொழிற்சாலை ஒன்றில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, வெயிலில் நடந்துபோய் வாங்கிவந்து கவ்விக்குள் ஒட்டினார். அதுவும் ஆடியது. போன மாதம் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "இது கடைசி மாப்ளே. இதும் ஆடினா விட்டுடுவோம்" என்றார். நான் அதை மேசைக்கு அடியில் போட்டேன்.

இன்சீன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அத்தானைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். கரேன் நண்பர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "மாட்டு தம்பி. அவுக பாக்கட்டும்" என்றாள்.

சுவரிலிருந்து வில்லை எடுத்தேன். அத்தான் பிடிப்பதுபோலவே பிடித்து, முன்பக்கமாகக் கவ்விகளை மாட்டினேன். பிடியருகே புடைத்திருந்த மரத்தின் மேல் தகடு உட்காராமல் ஆடியது. பதினேழாவதும் போச்சு. நான் அங்கேயே உடைந்து அழுதேன்.

"அழுவாத. வில்லைத் திருப்பி மாட்டு."

"என்னக்கா?"

அக்கா என் கையிலிருந்து வில்லை வாங்கினாள். வளைந்த முனைகள் வெளியே பார்க்கும்படி திருப்பினாள். இப்போது முன்பக்கம் தட்டையாக இருந்தது. கவ்வியை வைத்து அழுத்தினாள். கப்பென்று உட்கார்ந்தது. அப்படியே என்னிடம் நீட்டினாள்; பிடி என் உள்ளங்கைக்குள் அளவெடுத்ததுபோல் அடங்கியது.

பிறகு அந்தத் தேக்கு அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு வெளிநாட்டு உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே அத்தானின் ஸ்டூடியோ படம். வில்லைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் ஒரு வட்ட அம்புக்குறி போட்டிருந்தார்கள். கீழே மரியாதையாக இரண்டே வரி: ஐயா, வில்லைப் பின்புறமாகப் பிடித்திருக்கிறீர்கள். திருப்பிப் பிடித்தால் எந்தத் தூணியும் பொருந்தும்.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"ஆச்சு, பத்துப் பன்னெண்டு வருசம்." அக்கா அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கூடு மாட்டினா மறுநாளே காட்டுக்குக் கெளம்பிடுவாக. அப்பா எப்படித் திரும்பி வந்தாகன்னு நீயுந்தானே பாத்தே? ஒன் தையலைக் குத்தம் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இனிமே எந்தக் காட்டுக்கும் போக முடியாதுல்ல. அதான் கொண்டாரச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை ஆண்டுகள், எத்தனை கூடுகள், எத்தனை 'தையல் இழுக்குது'! அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் நீர் கொட்டுகிறது. துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக் கரேன் நண்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிப்பில் குலுங்கினார். பழைய கூடுகளை அத்தான் கட்டிலுக்கு அடியில் மூட்டையாக வைத்திருந்தார்; அதை இழுத்துப் பிரித்தோம். முதல் கூட்டை, அந்தக் கறுப்பு ரெக்ஸினை, எடுத்து மாட்டிப் பார்த்தேன். அதுவும் கப்பென்று உட்கார்ந்தது.

வண்டி வரும்வரை அத்தானின் பக்கத்தில் வில் கிடந்தது, பதினேழாவது கூட்டோடும் ஆறு அம்புகளோடும். ஊரில் ஒரு கோழிக்குக்கூடத் தீங்கு நினைக்காத வேட்டைக்காரர், கடைசியில் முழு ஆயத்தமாகப் படுத்திருந்தார். அன்று மாலை அக்கா வில்லைத் திரும்பவும் சுவரில் மாட்டினாள், சரியான பக்கமாக.

போய் வாருங்கள், அத்தான். நான் தாமதித்த மூன்று வாரத்துக்கு மன்னித்துவிடுங்கள். அக்கா மேல் கோபப்படாதீர்கள். அவள் அந்த உறையை ஒளித்திராவிட்டால் நீங்கள் இத்தனை முறை என் கடைக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒன்று, போகிற இடத்தில் யாராவது கேட்டால் மறக்காமல் சொல்லுங்கள்: மாப்பிள்ளையின் தையலில் ஒரு குறையும் இல்லை.