கொக்கியில் வைத்த பொட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்தேரி மலையில் சாமை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். அரூரிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில், ஒரு வளைவில், பிரேக்கை மிதித்த காலை எடுக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் முதலில் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அப்புறம் சிரிப்பு வந்துவிடும்.

எங்களுக்கு மொரப்பூர் பக்கம் ஊர். கதிரடிக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு சக்கரம் வைத்தது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவது. கேழ்வரகு, சாமை, யார் கூப்பிட்டாலும் அவர்கள் காட்டுக்கே போய் அடித்துக் கொடுப்போம். முதலில் வாடகை டிராக்டரை நம்பியிருந்தோம். அந்த டிராக்டர்காரருக்கு மனசு வந்தால்தான் எங்களுக்கு வேலை. அந்தத் தொல்லையே வேண்டாமென்று பிக்கப் வண்டி வாங்கினோம். மெஷினை மாட்டுகிற கொக்கியைக் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்திருந்தார்கள். வெளிப் பட்டறையில் வைத்தால் ஏதாவது கோளாறு வரும், கம்பெனி ஃபிட்டிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று மாமனார் சொன்னார். நாங்களும் மூடிக்கொண்டோம்.

ஓட்டுவது நான். என் வீட்டுக்காரருக்கு மெஷின் என்றால் உயிர். சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும். நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். முறையாக லைசென்ஸும் எடுத்தேன். புது வண்டியில் ஏறி உட்கார்ந்து ஊருக்குள் போனபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமே இல்லை.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்கூட நிலைக்கவில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அது எதையாவது உரசிவிடும். பக்கத்து வீட்டு மதில், காட்டு வேலிக் கல், கடைத்தெருவில் டீக்கடைப் பந்தல்கால், எல்லாமே இடது பக்கம். சரி, கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி ஓட்டலாமென்றால், நடுரோட்டில் வருகிறேன் என்று எதிரே வருகிறவர்கள் திட்டினார்கள். டீக்கடைக்காரர் என் வண்டிச் சத்தம் கேட்டாலே பெஞ்சைத் தூக்கி உள்ளே போட ஆரம்பித்தார். அதைப் பார்த்து யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மெஷினுக்கு டயர் மாற்றினோம். பேரிங் பார்த்தோம். இழுவைக் கம்பி வளைந்திருக்கிறதா என்று பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினோம். யார் கண் பட்டதோ என்று பூசணிக்காயும் உடைத்தாயிற்று. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

மாமனார் கெட்டவர் கிடையாது. "ஏம்மா, வூட்டு வேலயும் பாத்துக்கிட்டு ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்" என்று அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறை எனக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது. சித்தேரி வேலை முடிந்து வந்ததும் புது டிரைவர் வந்துவிடுவார் என்று பேசி முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேனே தவிரப் பேசவில்லை. ஆனால் கோபத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் அரூர் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். பார்வை நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுகை வந்தது. கண் சரியாக இருந்தால், அப்புறம் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

கடைசி ஓட்டம் என்று தெரிந்தேதான் அன்றைக்குக் காலையில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிக் கிளம்பினேன். மலையடிவாரம் வரைக்கும் தொந்தரவு இல்லை. ஏற ஆரம்பித்ததும் பின்னால் சித்தேரி பஸ் வந்து சேர்ந்துகொண்டது. வழி விட இடமில்லை. நான் நிதானமாக ஏற, அதுவும் நிதானமாகப் பின்னாலேயே வந்தது.

பாதி மலையில் ஒரு வளைவில் மேலிருந்து ஒரு ஜீப் திடீரென்று இறங்கி வந்தது. அதற்கு வழி கொடுக்க இடது பக்கம் ஒதுங்கினேன். என் வண்டியின் சக்கரம் தாரை விட்டு இறங்கவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஜீப் போய்விட்டது. அடுத்த நிமிஷம் பின்னால் 'தடக்' என்று ஒரு சத்தம். வண்டி பின்பக்கமாக இழுபட்டது. மெஷினின் இடது சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் தொங்குகிறது. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மரங்களின் தலைதான் தெரிந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த வீட்டுக்காரர் குதித்து ஓடிக் கல்லைத் தேடினார். நான் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி இருந்தேன். மெஷின் போனால் எங்கள் பிழைப்பு போனது. அதோடு வண்டியும் நானும் சேர்ந்து போக எவ்வளவு நேரம் ஆகும்?

பஸ் டிரைவர் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "அக்கா, காலை மட்டும் எடுத்துடாதீங்க, அப்படியே மிதிச்சுக்கிட்டே இருங்க!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள், மெஷினில் கயிறு கட்டி மேட்டுப் பக்கத்து மரத்தில் சுற்றினார்கள். அப்புறம்தான் என்னைக் காலை எடுக்கச் சொன்னார்கள். மெஷினைக் கொக்கியிலிருந்து கழற்றி, வண்டியை முன்னால் நகர்த்தச் சொல்லி, ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து தம் பிடித்து மெஷினை மேலே ஏற்றினார்கள். அது ரோட்டுக்கு வந்து நின்றதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார்.

அப்போதுதான் கண்டக்டர், என்னைச் சிரிக்க வைக்கலாமென்று நினைத்தாரோ என்னவோ, என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். "ஏங்க்கா, மெஷின்தான் ஒரு பக்கமா வருதுன்னா, பொட்டக்கூட ஒரு பக்கமாத்தான் வெப்பீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! உயிர் பிழைத்த நேரத்தில்கூட என் தப்பைத்தான் கண்டுபிடிப்பார்களா? எழுந்து நின்று, "கொக்கிக்கு நட்ட நடுவுலதாங்க வெச்சேன். கண்ணு இருந்தா வந்து பாருங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பின்கதவின் நடுவில் ஒரு பொட்டு, நம்பர் பிளேட்டின் நடுவில் ஒரு பொட்டு. இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேராக இருந்தன. அதற்குக் கீழே கொக்கி நுனியில் வைத்த பொட்டு மட்டும் இடது பக்கம் தள்ளி இருந்தது. பொட்டு கொக்கிக்குச் சரியாக நடுவில்தான் இருந்தது. கொக்கிதான் வண்டிக்கு நடுவில் இல்லை. காலையில் குனிந்து கிட்டத்தில் வைக்கும்போது இது தெரியவில்லை. நாலடி தள்ளி நின்று பார்க்கலாமென்றால், வீட்டில் வண்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் விட்டுத்தான் நிறுத்துவோம், ரோட்டில் அந்த இடத்தில் மெஷின் இருக்கும்.

வீட்டுக்காரர் கயிற்றை எடுத்தார். கொக்கியிலிருந்து வண்டியின் இடது பின்சக்கரம் வரைக்கும் பிடித்து முடி போட்டார். அதே கயிற்றை வலது சக்கரத்துக்குக் கொண்டுபோனார். கிட்டத்தட்ட ஒரு சாண் எட்டவில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்னாங்க, கம்பெனிக்காரனே கோணலாப் போட்டு வுட்டுருக்கான்?" என்றார்.

நான் அழுதேன். அத்தனை பேர் முன்னால், வாயைக் கூட மூடாமல், ஓவென்று அழுதேன். அந்தத் தண்ணீர் பாட்டில் பெண் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என் கை சரியாக இருந்தது. இத்தனை நாளும் சரியாகவே இருந்திருக்கிறது.

மெஷினை மறுபடி மாட்டியதும், பயணிகளில் ஒருவர், தான் லாரி டிரைவர் என்றும் மேலே வரைக்கும் ஓட்டிக் கொடுப்பதாகவும் சொல்லி நல்ல மனசோடுதான் முன்வந்தார். அதுவரைக்கும் வாயே திறக்காத என் வீட்டுக்காரர், "இல்லீங்க, அவளே ஓட்டட்டும்" என்றார். இரண்டு நாள் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பஸ் டிரைவர் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கொஞ்சம் அகலம் கிடைத்த இடத்தில் பஸ்ஸை எனக்கு முன்னால் விட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, எதிரே வந்த வண்டிகளை நிறுத்தி வைத்து, என்னை நடுரோட்டிலேயே வர விட்டார். நேரமாகிறது என்று ஒருவர் முணுமுணுத்தாராம். அவரைத் தவிர மற்ற எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டி எனக்குக் கை காட்டிக்கொண்டே வந்தார்கள்.

மேலே சிக்னல் கிடைத்த இடத்தில் வீட்டுக்காரர் மாமனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனி ஃபிட்டிங்கா என்று அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அப்புறம், "அப்ப அந்த டிரைவர வர வேணாம்னு சொல்லிடட்டா?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

திரும்பி வந்ததும் ஷோரூமுக்குப் போனோம். அங்கேயும் அளந்து பார்த்தார்கள். கொக்கியைத் தாங்குகிற பட்டையே இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, கழற்றி நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மெஷின் சாதுவாகப் பின்னால் வருகிறது. டீக்கடைக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் கொஞ்ச நாள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் யாராவது தலையைக் குனிந்துகொண்டு "எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்று சொன்னால், எனக்கு அவர்களிடம் ஒன்றும் கேட்கத் தோன்றுவதில்லை. அவர்கள் கையில் கொடுத்த வண்டியை ஒரு தடவை சுற்றி வந்து பார்க்கத்தான் தோன்றுகிறது.